திராட்சைத் தோட்டத்தில் ஒரு பாப்பரசரின் பெயர்

நமது பங்கு யூபிலி கொண்டாடும் இந்த நன்னாளில், ஆலயத்தை எழுப்பிய முன்னோர்களையும் அதற்காகப் பாடுபட்ட குருக்களையும் நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். அந்த நினைவுகளோடு சற்றுத் தொலைவிலுள்ள ஒரு வரலாற்றையும் சேர்த்துச் சிந்திப்பது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பெயர் வைப்பதில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு உள்ள ஆசை யாவரும் அறிந்ததே. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் புனிதரின் பெயர். கடலுக்குப் போகும் தோணிக்கு அந்தோணியார் பெயர். கடைப்பலகையில் ஆரோக்கிய மாதா. லாரியின் நெற்றியில் வேளாங்கண்ணி மாதா. பெயரைத் தாங்கினால் பாதுகாவலும் கூட வரும் என்பது நம் நம்பிக்கை. பிரான்சு நாட்டின் தென்மேற்கே போர்தோ என்னும் துறைமுக நகரை அடுத்த பெசாக் என்ற ஊரிலும் இப்படிப் பெயர் பெற்ற ஒரு பழைய திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஷாத்தோ பாப் கிளெமான். நம் மொழியில் சொன்னால், பாப்பரசர் கிளமெந்தின் மாளிகைத் தோட்டம். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு கொண்ட தோட்டம் அது.

ஆனால் அந்தப் பெயருக்குரியவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். திருச்சபை வரலாற்றில் பலத்த விமர்சனத்துக்கு உள்ளானவர். அவரது நன்மையையும் குறையையும் மறைக்காமல் சொல்வதே நம் நோக்கம். யூபிலி என்பது மகிழ்ச்சியின் காலம் மட்டுமன்று. மன ஆராய்ச்சியின் காலமும் ஆகும் அல்லவா?

பிறப்பும் படிப்பும்

போர்தோ நகருக்குத் தெற்கே வில்லாந்த்ரோ என்ற சிற்றூரில், ஏறக்குறைய 1264-ஆம் ஆண்டில் பெர்த்ராந்து தெ கோ பிறந்தார். தந்தை அந்த ஊரின் பிரபு. அந்த வட்டாரத்துக்கு அந்நாளில் கஸ்கோனி என்று பெயர். பிரான்சின் பகுதியாக இருந்தாலும் அதை ஆண்டவர் இங்கிலாந்து அரசர். எனவே அங்கே பிறந்தவர்களுக்கு இரண்டு எஜமானர்கள். இருவரையும் பகைக்காமல் காலம் தள்ளும் சாமர்த்தியத்தை அந்நாட்டுப் பிரபு குடும்பங்கள் பிள்ளைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டன. பெர்த்ராந்துவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஓர்லேயான் நகரிலும், பின்னர் இத்தாலியில் பொலோஞா நகரிலும் சட்டம் படித்தார். கூர்மையான அறிவு; இனிய பேச்சு; எதிராளியின் நியாயத்தையும் பொறுமையோடு கேட்கும் பழக்கம். அவருடைய அண்ணன் லியோன் நகரின் பேராயராக இருந்தபோது அவருக்கு உதவியாளராகப் பணியாற்றித் திருச்சபை நிர்வாகத்தைக் கற்றார்.

1295-ல் பிரனே மலையடிவாரத்திலுள்ள கொம்மேஞ்சு மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்டார். அந்த மறைமாவட்டத்தின் பழைய ஆயர்களுள் ஒருவர் புனித பெர்த்ராந்து. தமது ஞானஸ்நானப் பெயருக்குரிய புனிதரின் ஆசனத்தில் தாமே அமர நேர்ந்தது அவருக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அப்புனிதரின் பேராலயத்தை விரிவாகக் கட்ட ஏற்பாடு செய்தார். பாப்பரசரான பிறகும் அதை மறக்கவில்லை. 1309-ல் நேரில் அங்கே சென்று புனிதரின் அருளிக்கங்களைப் புதிய இடத்தில் வைத்து வணக்கம் செலுத்தினார்.

தோட்டம் கைக்கு வந்த காலம்

1299-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் அவரைப் போர்தோ பேராயராக உயர்த்தினார். அடுத்த ஆண்டு 1300. அந்த ஆண்டைத்தான் போனிபாஸ் பாப்பரசர் திருச்சபையின் முதல் யூபிலி ஆண்டாக அறிவித்தார். திருப்பயணிகள் திரள் திரளாக உரோமை நகரை நோக்கிச் சென்றார்கள். இன்று நாம் கொண்டாடும் யூபிலி விழாக்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. பெசாக் தோட்டம் பெர்த்ராந்து பேராயரின் கைக்கு வந்து, அங்கே அவர் திராட்சை வளர்ப்பில் ஈடுபட்டதும் அந்தக் காலத்தையொட்டியே.

பெசாக் நிலத்தை நம் விவசாயிகள் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். மண்ணைவிடச் சரளைக்கல்லே அதிகம். நெல்லுக்கோ காய்கறிக்கோ உதவாத நிலம். ஆனால் திராட்சைக்கு அதுவே ஏற்றது. பெய்த மழை தங்காமல் வடிந்துவிடுவதால் கொடியின் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்குகிறது. பகலில் வெயிலை வாங்கிய கற்கள் இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தருகின்றன. கொடி அதிகமாகக் காய்ப்பதில்லை. காய்க்கும் கொஞ்சத்தில் சுவை நிறைந்திருக்கும். குளிர்காலத்தில் கவாத்து செய்து, வசந்தத்தில் தளிரைக் கட்டி, கோடை முழுவதும் காத்திருந்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பழம் பறிப்பார்கள்.

போர்தோ பகுதிக்கு அந்நாளில் திராட்சை இரசமே உயிர்நாடி. 1308-09-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பெரும் பீப்பாய்கள் கப்பலேறியதாகச் சுங்கக் கணக்குகள் காட்டுகின்றன. அதில் கணிசமான பகுதி இங்கிலாந்துக்குப் போனது. அத்தகைய நாட்டில் பேராயரும் தோட்டக்காரராக இருந்ததில் வியப்பில்லை. தவிர, திராட்சை இரசம் இன்றித் திருப்பலி இல்லை. மேசைக்கும் பீடத்துக்கும் ஒரே கொடியிலிருந்து இரசம் வரவேண்டும் என்பதால் ஐரோப்பாவில் எத்தனையோ மடங்களும் ஆயர் இல்லங்களும் திராட்சைத் தோட்டங்களை வைத்துப் பேணின.

அந்த நாட்களில் அவர் துணிவு காட்டிய ஒரு சந்தர்ப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். போனிபாஸ் பாப்பரசருக்கும் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்புவுக்கும் கடும் தகராறு மூண்டது. 1302-ல் பாப்பரசர் பிரான்சின் ஆயர்களை உரோமைக்கு அழைத்தார். போகக் கூடாதென்று அரசர் தடுத்தார். அத்தடையை மீறிச் சென்ற ஆயர்களுள் போர்தோ பேராயரும் ஒருவர். அரசருக்கு அஞ்சாமல் நிற்க அவரால் முடிந்தது என்பதற்கு இது சாட்சி. அடுத்த ஆண்டே அரசரின் ஆட்கள் அனாஞி நகரில் வயோதிகப் பாப்பரசரைச் சிறைப்பிடித்து அவமானப்படுத்தினார்கள். விடுவிக்கப்பட்ட சில வாரங்களில் அவர் இறந்தார்.

இராயப்பரின் ஆசனத்தில்

போனிபாசுக்குப் பின் வந்த பதினோராம் ஆசீர்வாதப்பர் எட்டு மாதங்களே ஆட்சி செய்து 1304-ல் காலமானார். கர்தினால்மார் பெருஜியா நகரில் கூடினார்கள். பதினொரு மாதங்கள் கடந்தும் முடிவு ஏற்படவில்லை. அரசருக்கு ஆதரவான கட்சி ஒன்று, எதிரான கட்சி ஒன்று. இறுதியில் இரு சாராருக்கும் பொதுவான ஒருவரைத் தேடினார்கள். கர்தினால் அல்லாத, இத்தாலியர் அல்லாத, எல்லாரோடும் சமாதானமாக இருக்கத் தெரிந்த போர்தோ பேராயர் 1305-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பத்தொன்று. தமது மறைமாநிலத்துப் பங்குகளைச் சந்தித்துவரும் பயணத்தில் இருந்தபோது அச்செய்தி அவருக்கு எட்டியது.

கிளமெந்து என்ற பெயரைத் தெரிந்துகொண்டார். இலத்தீன் மொழியில் அதற்குச் சாந்தமுள்ளவர், இரக்கமுள்ளவர் என்று பொருள். ஆதித் திருச்சபையில் உரோமையின் ஆயராக இருந்த புனித கிளமெந்துவின் பெயர் அது.

பிரான்சு அரசரின் விருப்பத்துக்கு இணங்கி முடிசூட்டு விழா லியோன் நகரில் நவம்பர் 14-ஆம் தேதி நடந்தது. விழா முடிந்து ஊர்வலம் சென்றபோது, மக்கள் ஏறி நின்று வேடிக்கை பார்த்த பழைய மதில் ஒன்று சரிந்து விழுந்தது. பாப்பரசர் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். திருமுடி கீழே உருண்டு, அதிலிருந்த விலையுயர்ந்த மணி ஒன்று காணாமற்போயிற்று. அருகே சென்ற பிரித்தானி நாட்டு டியூக் காயமுற்றுச் சில நாட்களில் உயிர் துறந்தார். கெட்ட சகுனம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சகுனத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் அவரது ஆட்சி சுமுகமாக இராது என்பதற்கு அந்த நாள் பொருத்தமான தொடக்கமாகவே அமைந்துவிட்டது.

தோட்டத்தைக் கொடுத்தார்

பாப்பரசரான பின் அவர் செய்த ஒரு காரியம் பெசாக் ஊராரின் மனதில் நிலைத்துவிட்டது. தமது திராட்சைத் தோட்டத்தைப் போர்தோ பேராயர் ஆசனத்துக்கே கொடுத்துவிட்டார். தமக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்தவருக்கும், அவருக்குப் பின் வரும் எல்லாப் பேராயர்களுக்கும் அது உரியதாயிற்று. வழிவழியாகப் பேராயர்கள் அதைப் பராமரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் அது திருச்சபையின் தோட்டமாகவே இருந்தது. கொடுத்தவரின் பெயர் தோட்டத்துக்கு வந்தது. பாப்பரசர் கிளமெந்தின் தோட்டம் என்று பல தலைமுறைகள் வழங்கிய பெயர் இன்றும் நிற்கிறது.

ஆனால் தோட்டத்தைக் கொடுத்தவருக்கு உறவினர் பாசத்தைக் கொடுக்க முடியவில்லை. 1305 டிசம்பரில் அவர் முதன்முதலாக ஏற்படுத்திய பத்துக் கர்தினால்மாரில் ஒருவர் ஆங்கிலேயர். மற்ற ஒன்பது பேரும் பிரெஞ்சு நாட்டினர். அவர்களுள் அவருடைய மருமக்களும் இருந்தார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் பதவிகளிலும் வருமானங்களிலும் அமர்த்தப்பட்டார்கள். பிறந்த ஊராகிய வில்லாந்த்ரோவில் பெரிய கோட்டை மாளிகை எழுந்தது. அதன் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. கொடுப்பதற்கு அவர் தயங்கியதில்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்ற இடத்தில்தான் தவறினார்.

உரோமை காணாத பாப்பரசர்

உரோமை நகரில் அக்காலத்தில் பிரபு குடும்பங்களின் சண்டை ஓயவில்லை. பாப்பரசருக்கோ உடல்நலம் சரியில்லை. கொடிய வயிற்று நோய் அவரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திற்று. பிரெஞ்சு அரசரோடு தீர்க்க வேண்டிய வழக்குகளும் இருந்தன. இன்று போகலாம், நாளை போகலாம் என்று பயணம் தள்ளிப்போயிற்று. போர்தோ, புவாத்தியே என்று ஊர் ஊராக இருந்துவிட்டு 1309-ல் ரோன் நதிக்கரையிலுள்ள அவிஞோன் நகரில் வந்து தங்கினார். அந்நகர் அப்போது பிரெஞ்சு அரசருக்குச் சொந்தமன்று. அதைச் சுற்றியிருந்த நாடு திருச்சபைக்கு உரியது. அங்கே சாமிநாதர் சபை மடத்தில் விருந்தாளியைப் போலத்தான் அவர் குடியிருந்தார். அதைத் தற்காலிக ஏற்பாடு என்றே எண்ணியிருப்பார். ஆனால் 1377 வரை பாப்பரசர்களின் இருப்பிடம் அவிஞோனாகவே இருந்தது. ஐந்தாம் கிளமெந்து பாப்பரசராக இத்தாலி மண்ணை ஒரு முறையேனும் மிதிக்கவில்லை.

சாந்தம் பலவீனமான கதை

இனிச் சொல்லப்போவது அவர் வரலாற்றின் துயரமான பகுதி.

எருசலேம் செல்லும் திருப்பயணிகளைக் காப்பதற்காக ஏற்பட்ட தெம்ப்ளார் வீரத் துறவியர் சபை, அந்நாளில் செல்வம் நிறைந்த சபையாக இருந்தது. பிலிப்பு அரசருக்கோ ஓயாத பணமுடை. 1307-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி விடியற்காலையில், பாப்பரசரைக் கேட்காமலே, பிரான்சிலிருந்த தெம்ப்ளார் துறவியர் அனைவரையும் அரசர் கைது செய்தார். அவர்கள் கிறிஸ்துவை மறுதலித்தார்கள், சிலுவையில் உமிழ்ந்தார்கள் என்று குற்றஞ்சாட்டினார். சித்திரவதையின் கீழ் பலர் ஒப்புக்கொண்டார்கள்.

பாப்பரசர் கோபத்தோடு கண்டித்தார். தமது அதிகாரத்தின் கீழுள்ள துறவியரைத் தொட அரசருக்கு உரிமையில்லை என்றார். விசாரணையை நிறுத்திவைத்தார். 1308 ஆகஸ்டில் மூன்று கர்தினால்மாரைச் சினோன் கோட்டைக்கு அனுப்பினார். அவர்கள் சபைத் தலைவர் ஜாக் தெ மொலேயையும் மற்ற தலைவர்களையும் நேரில் விசாரித்து, பாவமன்னிப்பு அளித்து, திருச்சபையோடு ஒப்புரவாக்கினார்கள். அந்த விசாரணையின் தோல்சுவடி வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் நூற்றாண்டுக் கணக்காகக் கவனிக்கப்படாமற் கிடந்து, 2001-ல் கண்டறியப்பட்டது. 2007-ல் நூலாகவும் வெளிவந்தது. பாப்பரசர் அவர்களைத் திருச்சபைக்குப் புறம்பானவர்களாகத் தள்ளிவிடவில்லை என்று இன்று நாம் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் அந்தச் சுவடியில் இருந்த உறுதி வெளியே நிற்கவில்லை. அரசர் வேறொரு மிரட்டலைக் கையில் வைத்திருந்தார். இறந்துபோன போனிபாஸ் பாப்பரசரைப் பதிதர் என்று தீர்ப்பிட வேண்டும் என்பதே அது. கிளமெந்துவை ஆயராக்கியதும் பேராயராக்கியதும் அந்தப் போனிபாஸ்தான். இறந்த பாப்பரசரின் பெயரைக் காப்பதா, உயிரோடிருக்கும் துறவியரைக் காப்பதா என்ற நெருக்கடி ஏற்பட்டது. அவர் நாட்களைக் கடத்தினார். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைக் காக்கலாம் என்று எண்ணினார். அந்தத் தாமதத்துக்குள் 1310 மே மாதத்தில் பாரீசில் ஐம்பத்து நான்கு தெம்ப்ளார் துறவியர், சித்திரவதையில் கொடுத்த வாக்குமூலத்தை மறுத்ததற்காக, ஒரே நாளில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

1311 அக்டோபரில் வியென் நகரில் பொதுச்சங்கம் கூடிற்று. சபைக்குத் தன் நியாயத்தை எடுத்துச்சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே சங்கத் தந்தையருள் பெரும்பான்மையோர் கருத்து. 1312 மார்ச்சு 20-ஆம் தேதி பிலிப்பு அரசர் படை பரிவாரத்தோடு வியென் நகருக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச்சு 22-ஆம் தேதி, பாப்பரசர் தெம்ப்ளார் சபையைக் கலைத்தார். குற்றவாளி என்று தீர்ப்பிட்டு அல்ல. திருச்சபையின் நன்மையை முன்னிட்டு என்று. அதன் சொத்துக்களை அரசரிடம் விடாமல் மருத்துவமனை வீரத் துறவியர் சபைக்கு ஒப்படைக்கவும் கட்டளையிட்டார். போனிபாஸ் பாப்பரசரின் பெயரும் களங்கப்படாமல் தப்பிற்று. ஒரு சட்ட வல்லுநர் தம்மால் இயன்றதைக் காத்துக்கொண்டார் என்று சொல்லலாம். நிரபராதிகளைக் காக்கும் கடமை சட்ட நுணுக்கத்தோடு முடிந்துவிடுமா என்பதை வாசகர்களே சிந்திக்கட்டும்.

1314 மார்ச்சு 18-ஆம் தேதி ஜாக் தெ மொலே பாரீசு நகரில் தம் முந்தைய வாக்குமூலத்தைப் பொய்யென்று பகிரங்கமாக மறுத்தார். திருச்சபையின் முடிவுக்குக் காத்திராமல் அன்று மாலையே அரசர் அவரை எரித்துவிட்டார். எரியும்போது பாப்பரசரையும் அரசரையும் அவர் இறைவனின் நீதிமன்றத்துக்கு அழைத்தார் என்பது பிற்காலத்தில் எழுந்த கதை. கதை எப்படியாயினும் தேதிகள் உண்மை. முப்பத்து மூன்று நாட்களில் பாப்பரசர் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசரும் இறந்தார்.

வாழ்க்கையின் நல்ல விளைச்சல்

குறைகளை எழுதிய நாம் நன்மைகளை எழுதாமல் விட்டால் நியாயமாகாது.

அவர் பிறந்ததாகக் கருதப்படும் அதே 1264-ஆம் ஆண்டில் நான்காம் உர்பான் பாப்பரசர் திவ்விய நற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். ஆனால் சில வாரங்களிலேயே அவர் இறந்துபோனதால், திருநாள் பல நாடுகளில் பரவாமல் தேங்கிவிட்டது. அதை வியென் பொதுச்சங்கத்தில் மீண்டும் எடுத்து உறுதிப்படுத்தியவர் நம் ஐந்தாம் கிளமெந்து. அவருக்குப் பின் வந்த இருபத்திரண்டாம் அருளப்பர் பாப்பரசர் அவரது சட்டத்தொகுப்பை 1317-ல் வெளியிட்டபோது, அத்திருநாள் உலகெங்கும் வேரூன்றியது. இன்று நம் ஊர்த் தெருக்களில் பந்தலிட்டு, பூத்தூவி, முழந்தாளிட்டு நற்கருணைப் பவனியை வரவேற்கிறோமே, அந்தப் பக்தி நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் இந்தப் பாப்பரசரின் கையும் இருக்கிறது. திராட்சை வளர்த்தவர் அத்திராட்சையின் மிக மேலான பயனையும் மறக்கவில்லை.

அதே சங்கத்தில் பாரீசு, ஆக்ஸ்போர்டு, பொலோஞா, சலமான்கா பல்கலைக்கழகங்களில் எபிரேயம், அரபி, கல்தேயம் ஆகிய மொழிகளைக் கற்பிக்க ஆசிரியர்களை நியமிக்கக் கட்டளையிட்டார். வாளால் அன்று, மொழியால் மக்களை அணுக வேண்டும் என்ற நினைவு அதில் அடங்கியிருந்தது. ஓர்லேயான், பெருஜியா நகரங்களின் பல்கலைக்கழகங்களுக்கும் அவர் சாசனம் அளித்தார்.

நம் மண்ணோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. மொந்தேகொர்வினோ அருளப்பர் என்ற பிரான்சிஸ்கு சபைக் குரு சீன நாட்டுக்குப் போகும் வழியில், 1291-ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவில் புனித தோமையார் ஆலயம் இருந்த இடத்தில் பதின்மூன்று மாதங்கள் தங்கினார். மயிலாப்பூரே அந்த இடம் என்று கொள்ளப்படுகிறது. அங்கே ஏறக்குறைய நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடைய தோழர், சாமிநாதர் சபையைச் சேர்ந்த நிக்கொலாஸ், அங்கேயே இறந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அருளப்பர் தனியாகச் சீனத் தலைநகரை அடைந்து, ஆலயமும் மணிக்கூண்டும் கட்டி, பல ஆண்டுகள் வேறொரு குருவின் துணையின்றி, பாவசங்கீர்த்தனம் செய்யவும் வழியின்றி உழைத்தார். 1305-ல் அவர் எழுதிய கடிதத்தில் இந்தச் செய்திகள் அடங்கியிருந்தன.

அவரது பணியைப் பற்றி அறிந்த கிளமெந்து பாப்பரசர் 1307-ல் அவரைச் சீன நாட்டின் பேராயராக உயர்த்தினார். அவருக்குத் திருநிலைப்பாடு அளிக்கவும் துணை நிற்கவும் பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த ஏழு பேரை ஆயர்களாக நியமித்தார். அவர்களுள் மூவர் வழியில் இந்திய மண்ணில் வெயிலின் கொடுமையால் மடிந்தார்கள். மூவர் மட்டுமே சீனம் சேர்ந்தார்கள். போர்த்துக்கீசியர் கப்பல் நம் கரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தவை இவை. நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஒரு பாப்பரசரின் கட்டளையால் புறப்பட்டவர்களின் எலும்புகள் இந்திய மண்ணில் கலந்திருக்கின்றன.

முடிவும் கல்லறையும்

1314 வசந்தத்தில், நோய் முற்றிய நிலையில், பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. அவிஞோன் வட்டாரத்திலிருந்து கஸ்கோனியை நோக்கிப் புறப்பட்டார். பயணத்தின் தொடக்கத்திலேயே, ரோன் நதிக்கரையிலுள்ள ரோக்மோர் என்ற ஊரில், ஏப்ரல் 20-ஆம் தேதி உயிர் பிரிந்தது. உடலைக் கொண்டுபோய் வில்லாந்த்ரோவுக்கு அருகே உசெஸ்த் என்ற சிற்றூர் ஆலயத்தில், அவர் விரும்பியபடியே, அடக்கம் செய்தார்கள். கல்லறைமேல் பளிங்கில் அவரது உருவத்தைச் செதுக்கி வைத்தார்கள். 1577-ல் மதப் போர்க் காலத்தில் பிரிவினை சபையார் அந்தக் கல்லறையை உடைத்தார்கள். முகம் சிதைந்த பளிங்கு உருவம் இன்றும் அங்கே கிடக்கிறது.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தமது பெருங்காப்பியத்தில் இவரை நரகத்தில் வைத்துப் பாடிவிட்டார். அது ஒரு கவிஞரின் தீர்ப்பு. இறைவனின் தீர்ப்பு எதுவென்று சொல்ல நாம் யார்?

தோட்டத்தின் பின்வரலாறு

கல்லறை சிதைந்தது, கோட்டை இடிந்தது, தோட்டம் மட்டும் பிழைத்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 நவம்பரில், திருச்சபையின் சொத்துக்களெல்லாம் நாட்டுடைமையாக்கப்பட்டன. போர்தோ பேராயரின் கையிலிருந்து தோட்டமும் பறிபோய் விற்கப்பட்டது. அதன்பின் பல கைகள் மாறிற்று. வாங்கியவர்களுக்கு அதன் பெயரை மாற்ற வேண்டிய தேவை தோன்றவில்லை. பாப்பரசரின் பெயர் அப்படியே நின்றது.

1937 ஜூன் 8-ஆம் தேதி கடும் ஆலங்கட்டி மழை பெய்து தோட்டத்தைச் சின்னாபின்னமாக்கிற்று. போர்தோ நகரம் விரிந்து, வீடுகள் தோட்டத்தைச் சூழ்ந்துகொண்டிருந்த காலம் அது. மனைகளாகப் போட்டு விற்றிருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனால் 1939-ல் பால் மொந்தாஞ் என்பவர் அதை வாங்கிப் பொறுமையாகக் கொடிகளை மீட்டெடுத்தார். 1959-ல் உறுதிசெய்யப்பட்ட கிராவ் வட்டாரத் தரவரிசையில் அத்தோட்டம் இடம் பெற்றது. நகரத்து வீடுகளுக்கு நடுவே இன்றும் அங்கே பழம் பறிக்கிறார்கள்.

இதே போன்ற இன்னொரு பெயரும் உண்டு. அவிஞோனுக்கு அருகே இருபத்திரண்டாம் அருளப்பர் பாப்பரசர் மாளிகை கட்டிய ஊர், 1893 முதல் ஷாத்தோநேஃப் து பாப், அதாவது பாப்பரசரின் புதுக்கோட்டை, என்றே அரசாங்க முறைப்படி அழைக்கப்படுகிறது. அவ்வூரின் திராட்சை இரசமும் பேர்பெற்றது. அந்தப் பெயர் பாப்பரசர்கள் வாழ்ந்த இடத்தைக் குறிப்பது. பெசாக் தோட்டத்தின் பெயரோ ஒருவர் கொடுத்த கொடையைக் குறிப்பது.

நாம் கற்க வேண்டியது

அன்பார்ந்த பங்கு மக்களே, ஐந்தாம் கிளமெந்து பேராயராக இருந்தபோது அரசரின் தடையை மீறி உரோமைக்குப் போனார். பாப்பரசரானபின் அதே அரசருக்கு முன்னே தயங்கினார். பதவி உயர உயர இழப்பதற்குப் பயப்பட வேண்டியவையும் கூடுகின்றன போலும். இது பாப்பரசர்களுக்கு மட்டும் உரிய சோதனை அன்று. பங்குப் பேரவையில் ஏழைக் குடும்பத்துக்கு அநியாயம் நடக்கும்போது, சமாதானம் கெடக்கூடாதென்று வாய்மூடி இருக்கிறோம். நம் சொந்தக்காரருக்கு நன்மை என்றால் முறையைக் கொஞ்சம் வளைக்கிறோம். அவர் செய்ததும் இவைதான், இடம்தான் பெரியது. சாந்த குணம் என்ற பெயரால் அநியாயத்துக்கு இடங்கொடுத்துவிடக் கூடாது என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

ஆயினும் அவர் கைநீட்டிக் கொடுத்த தோட்டம் இன்றும் காய்க்கிறது. உறவினருக்குக் கொடுத்தவையெல்லாம் அழிந்தன. அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பணத்துக்காகப் புதிய பாப்பரசர் அவருடைய மருமகன்மேல் வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. திருச்சபைக்கென்று கொடுத்தது மட்டும் அவர் பெயரோடு நின்றது. நம் ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், கல் சுமந்தவர்களும், கைப்பிடி அரிசி சேர்த்தவர்களும் குறையற்றவர்களாய் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கொடுத்ததன்மேல் நின்றுதான் நாம் யூபிலி கொண்டாடுகிறோம். அவர்களுடைய நன்மைக்காக நன்றி சொல்வோம், குறைகளுக்காக மன்றாடுவோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் குருவானவர் பாத்திரத்தை உயர்த்தும்போது, எங்கோ ஒரு சரளைக்கல் நிலத்தில் கொடி நட்ட இந்தப் பாப்பரசரின் ஆன்மாவுக்காகவும், எரிக்கப்பட்ட அந்தத் துறவியருக்காகவும், இந்திய மண்ணில் மடிந்த ஆயர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்வோமாக. கொடியை நட்டவரையும் கவாத்து செய்பவரையும் காத்து, நம் பங்காகிய இச்சிறிய தோட்டத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!